மாறியது எது? மாற்றியது ஏன்?

சென்ற ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். என் ஆராய்ச்சிக்காக நான் எழுதிய கணிப்பொறி நிரல் ஒன்று அழகான வளைவு ஒன்றை வரைந்து தந்தது. வழிகாட்டும் பேராசிரியரும் அதைக் கண்டு மகிழ்ந்தார். ஆறு திங்கள் சென்றபின், "இந்த வளைவைத் தந்த நிரலைக் கொண்டுவா" என்றார். நிரல் இல்லாமல் இல்லை, ஐந்து இருந்தன. 'புதியது', 'புதியது 2', 'திருத்தியது', 'கடைசி', 'கடைசிக்குப் பின்' என்று பெயர்கள். ஐந்தையும் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட அந்த வளைவைத் தரவில்லை.

இத்தொல்லை எனக்கு முன் யாருக்கு வந்தது, அவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடப் புகுந்தேன். தேடியதில் கிடைத்தவற்றை மன்றத்து அன்பர்களுக்கும் சொல்லலாம் என்று தோன்றியது.

மனிதர் எழுதும் வடிவிலுள்ள நிரலை மூல நிரல் என்பர். கணிப்பொறி ஏற்கும் வடிவாக அது பிறகு மாற்றப்படும். கணிப்பொறியை ஆளும் இயக்கமுறையும் இப்படி எழுதப்பட்ட பெரும் நிரல்தான். பலர் கூடிப் பல ஆண்டுகள் எழுதுவது அது. ஆகவே திருத்தங்களைக் கணக்கில் வைக்கும் தொல்லை முதலில் அங்கேதான் பெரிதாக மூண்டது.

1960-களில் மூல நிரல் துளையட்டைகளில் இருந்தது. ஒரு வரிக்கு ஓர் அட்டை. அட்டைக்கு 80 பத்திகள். பொதுவாக 73 முதல் 80 வரையுள்ள பத்திகளை வரிசை எண்ணுக்கு ஒதுக்கினர். கட்டு கைதவறித் தரையில் சிதறினால் மீண்டும் அடுக்க அந்த எண்ணே துணை. பத்துப் பத்தாக எண்ணிட்டால் இடையில் புதிய வரிகளைச் செருகவும் இடம் கிடைக்கும். ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 இயக்கமுறையில் ஐ.ஈ.பி.அப்டேட் என்றொரு துணைநிரல் இருந்தது. 'இந்த எண்ணுள்ள வரியை நீக்கு, இந்த எண்ணுக்குப் பின் இதைச் சேர்' என்று எழுதிய சிறு அட்டைக்கட்டைக் கொடுத்தால், நாடாவிலோ வட்டிலோ உள்ள பெரிய நிரலை அது திருத்திவிடும். நிரல் முழுவதையும் மீண்டும் எழுதாமல் மாற்றத்தை மட்டும் தனியே எழுதிவைக்கலாம் என்ற எண்ணம் இங்கேயே இருக்கிறது. ஆயின் அந்தச் சிறு கட்டைப் பாதுகாப்பது அவரவர் பொறுப்பு. மேசை இழுப்பறையில் அது தொலைந்தால் தொலைந்ததுதான்.

வேறு சிலர் வேறு வழி கண்டனர். அமெரிக்காவில் எம்.ஐ.டி. செயற்கை அறிவு ஆய்வுக்கூடத்தார் 1960-களின் பிற்பகுதியில் ஆக்கிய ஐ.டி.எஸ். இயக்கமுறையில் கோப்பின் பெயரோடு ஓர் எண்ணும் சேர்ந்து நிற்கலாம். எழுதும்போது அடுத்த எண் தானாக வரும். படிக்கும்போது எல்லாவற்றிலும் பெரிய எண்ணுள்ளது கிடைக்கும். 1977-இல் டெக் நிறுவனம் அறிவித்த வி.எம்.எஸ். முறையிலும் கோப்பின் பெயருக்குப் பின் அரைப்புள்ளியும் பதிப்பெண்ணும் உண்டு. என் ஐந்து கோப்புகளை இயக்கமுறையே ஒழுங்காகப் பெயரிட்டு வைத்தது போன்றது இது. ஆனால் ஏழாவது பதிப்பு ஆறாவதிலிருந்து ஏன் வேறுபட்டது? எண் அதைச் சொல்லாது. வட்டு நிரம்பினால் 'பர்ஜ்' என்ற ஒரு கட்டளை பழையவற்றையெல்லாம் துடைத்துவிடும். இயல்பாக மிஞ்சுவது கடைசிப் பதிப்பு ஒன்றே.

பெல் ஆய்வுக்கூடத்தில் மார்க் ராக்கைண்டு என்பவர் 1972-இல் தொடங்கிய எஸ்.சி.சி.எஸ்.தான் இவ்வரலாற்றின் நடுநாயகம். முதலில் ஐ.பி.எம். 370 பொறிக்காக ஸ்னோபால் மொழியில் எழுதினார். பின்னர் யூனிக்சுக்காக சி மொழியில் எழுதினார். 1975-இல் அதைப் பற்றி அவர் வெளியிட்ட கட்டுரையில் சொல்லும் குறைகள் என் அறையை எட்டிப் பார்த்து எழுதியவை போல இருக்கின்றன. ஒரே நிரலின் பல படிகள் இடத்தை அடைக்கின்றன. ஒரு படியில் செய்த திருத்தம் மற்றொன்றில் விட்டுப்போகிறது. எது, எப்போது மாறியது என்று தெரிவதில்லை. பயன்படுத்துபவர் குறை சொல்லி வரும்போது அவரிடம் இருப்பது எந்தப் படி என்றும் புரிவதில்லை.

அவர் செய்தது இது. நிரலில் என்றாவது இடம்பெற்ற எல்லா வரிகளையும் ஒரே கோப்பில் பின்னி வைத்தார். ஒவ்வொரு பகுதிக்கும், 'இத்தனையாவது மாற்றத்தில் சேர்ந்தது', 'இத்தனையாவதில் நீங்கியது' என்று அடையாளம் இட்டார். நீங்கிய வரியும் அழிவதில்லை. நல்ல கணக்கர் பேரேட்டில் எதையும் சுரண்டி அழிக்காதது போல. எந்தப் பதிப்பு வேண்டுமோ, கோப்பைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை படித்து, அப்பதிப்புக்கு உரிய வரிகளை மட்டும் பொறுக்கினால் போதும். நேற்றைய பதிப்புக்கும் மூன்றாண்டுக்கு முந்திய பதிப்புக்கும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றே.

ஒவ்வொரு மாற்றத்தோடும் செய்தவர் பெயரும் நாளும் நேரமும் பதிவாகும். அதோடு, மாற்றத்தை ஒப்படைக்கும்போது 'குறிப்பு?' என்று கணிப்பொறியே கேட்கும். என்னைக் கேட்டால், அந்த ஒரு கேள்விக்காகவே ராக்கைண்டை வணங்கலாம். இன்னொரு நுட்பமும் உண்டு. மூல நிரலில் ஓர் அடையாளத் தொடரை வைத்தால், பொறி வடிவாக மாறிய பின்பும் பதிப்பெண் அதனுள் தங்கியிருக்கும். 'வாட்' என்ற கட்டளை அதைத் தேடியெடுத்து, 'இது இன்ன பதிப்பு' என்று காட்டும். என் வரைபடத்திற்கு அப்படி ஒரு நாக்கு இருந்திருந்தால்!

குறை இல்லாமல் இல்லை. ஒரு பதிப்பைத் திருத்த ஒருவர் எடுத்தால், அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். நூலகத்தில் ஒரே படி உள்ள பாடநூலைத் தேர்வுக்கு முன் ஒருவர் எடுத்துச் சென்றால் நாம் படும் பாடுதான். 1980-களின் தொடக்கத்தில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் வால்ட்டர் டிஷி ஆக்கிய ஆர்.சி.எஸ். புதிய பதிப்பை முழுதாகவும் பழையவற்றைப் பின்னோக்கிய வேறுபாடுகளாகவும் வைத்து வேகத்தைக் கூட்டியது. பூட்டு மட்டும் இருந்தது. பூட்டைத் தளர்த்தியவர் ஆம்ஸ்டர்டாமில் டிக் கிரூன். 1986-இல் அவரும் இரண்டு மாணவர்களும் ஒரு நிரலை எழுதிவந்தனர். ஒரு மாணவர் பகல் நேரத்தில் ஒழுங்காக வேலை செய்பவர். மற்றவர் வரும் நேரத்திற்கு ஒழுங்கில்லை. கிரூனுக்கு மாலை மட்டுமே ஓய்வு. மூவரும் தனித்தனியே திருத்திப் பின் இணைத்துக்கொள்ள வழி தேவைப்பட்டது. அதிலிருந்து பிறந்தது சி.வி.எஸ். இன்று நாம் ஆளும் கிட் லினக்சின் மையநிரலுக்காக 2005-இல் பிறந்தது. அதன் கதை தனிக்கட்டுரைக்கு உரியது.

இனி ஒரு வியப்பு. எஸ்.சி.சி.எஸ். பிறந்த அதே பெல் ஆய்வுக்கூடத்தில், யூனிக்சைப் படைத்த கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் தொடக்ககால மாற்றங்கள் இப்படி ஒவ்வொன்றாகப் பதிவாகவில்லை. யூனிக்சின் முதல் பதிப்பு மையநிரல் நமக்குக் கிடைத்ததே 1972-ஆம் ஆண்டு அச்சுத்தாள் ஒன்றிலிருந்து. ஆர்வலர் சிலர் அத்தாளிலிருந்து நிரலை மீட்டு, 2008-இல் மீண்டும் ஓடவைத்தனர். பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தாரோ 1980 முதல் தம் யூனிக்சை எஸ்.சி.சி.எஸ்.-இல் வைத்தனர். பின்னாளில் ஏதென்சைச் சேர்ந்த டயோமிடிஸ் ஸ்பினெல்லிஸ் யூனிக்சின் வரலாறு முழுவதையும் ஒரே களஞ்சியமாகத் தொகுத்தபோது இவ்வேறுபாடு வெளிச்சமாயிற்று. பெர்க்கிலியின் ஒவ்வொரு திருத்தமும் பெயரோடும் நாளோடும் வந்தது. தாம்சனும் ரிட்சியும் எழுதியவை பதிப்புப் பதிப்பாக மொத்தமாக வந்தன. இன்ன பகுதி யாருடையது என்பதை வேறு சான்றுகளைக் கொண்டு கணிக்க வேண்டியிருந்தது.

மேதைகளுக்கே அந்த நிலை. என் வளைவு ஐந்தில் எதிலிருந்தும் வரவில்லை என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் அதை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடு" என்றார். எடுத்துவிட்டேன். நிரலை முதலிலிருந்து மீண்டும் எழுதிவருகிறேன். நேற்றோடு முப்பத்தொரு மாற்றம்; முப்பத்தொன்றுக்கும் தமிழிலேயே குறிப்பு எழுதியிருக்கிறேன்.