மாயை என்னும் பெயர்

காஞ்சிக் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியர் ஆறு காண்டங்களிற் பாடிய கந்தபுராணம் நம்மவர் வாழ்வோடு ஒன்றிய நூல். ஒருவர் படிக்க மற்றொருவர் பயன் சொல்லும் மரபினால் யாழ்ப்பாணத்துக் கோயில்கள் அதனை வளர்த்தன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்வோரும் கந்தசட்டி நோற்றுச் சூரன் போர் காண்கின்றனர். சூரபன்மன், சிங்கமுகன், தாரகன் என்னும் மூவரையும் அறியாதார் இலர். அவரைப் பெற்ற மாயையோ நம் நினைவில் ஒரு பழிச்சொல்லாகவே நிற்கின்றாள். அப்பெயரின் பொருளை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மாயை என்பது பிறந்தபோது இட்ட பெயர் அன்று. அசுரேந்திரனுக்கும் மங்கலகேசிக்கும் மகளாய்த் தோன்றியவள் சுரசை. அவள் அசுரகுருவாகிய சுக்கிரனிடம் பயின்று, மாயவித்தைகளில் நிகரற்று விளங்கியமையால் மாயை எனப் பெயர் பெற்றாள். ஆகவே அது கற்றுத் தேறியமையால் வந்த பெயர். பட்டம் பெற்றோர் நிறைந்த நம் சபை இதனைக் கருத்திற் கொள்ளுதல் தகும்.

இனி, அச்சொல்லின் பொருளை நோக்குவாம். ‘மா’ என்பது ஒடுங்குதலையும் ‘யா’ என்பது தோன்றுதலையும் குறிக்கும் என்பர் சைவ நூலார். உலகம் எதனில் ஒடுங்கி, எதனினின்று மீளத் தோன்றுமோ அது மாயை. அது பொய்த்தோற்றம் அன்று. என்றும் உள்ள சடப்பொருள். உயிருக்கு உடம்பையும், கருவிகளையும், உலகையும், நுகர்பொருள்களையும் தருவது அதுவே. ஆணவம் இருள், மாயையோ விடியுமளவும் இருளிற் பயன்படும் கைவிளக்கு.

அங்ஙனமாயின், அசுரர்க்குத் தாயானவளுக்கு இப்பெயர் பொருந்துமாறு எங்ஙனம்? சூரன் ஆணவம், சிங்கமுகன் கன்மம், தாரகன் மாயை எனக் கொள்வது வழக்கு. ஆணவம் மாயையிற் பிறப்பதன்று. அது செம்பிற் களிம்புபோல உயிரோடு அநாதியே உள்ளது. எனினும் அது செயற்பட உடம்பும் கருவியும் வேண்டும். அவற்றைத் தருவது மாயை என்னும் அளவிலேயே தாயென்னும் உருவகம் பொருந்தும்.

தந்தையாகிய காசிபர் மைந்தர்க்குப் பதி, பசு, பாச இயல்பை உணர்த்தி, மார்க்கண்டேயர் வரலாற்றையும் கூறித் தவநெறியிற் செலுத்த முயன்றார். தாயோ செல்வமும் வலிமையுமே பொருளென உரைத்து வேள்வி செய்யும் வழியைக் கற்பித்தாள். மைந்தர் தாய் சொற் கேட்டனர். வேள்வியின் பயனாய்ச் சூரன் 1008 அண்டங்களின் ஆட்சியை 108 யுகங்களுக்குப் பெற்றான். ஈற்றில் குலம் பெரும்பாலும் அழிந்தது. அவளுடைய கல்வி குறையுடையதன்று. அது எதன் பொருட்டுப் பயன்பட்டது என்பதே குற்றம். விளக்கையே விடியலென மயங்கச் செய்தாள் எனலாம்.

போர்க்களத்தில் பானுகோபனுக்கும் அவளே மாயப்படை ஈந்தாள். அப்படையால் வீரவாகு முதலியோர் உணர்விழந்து கடலில் வீழ்த்தப்பட்டனர். அவரை மீட்டது முருகன் விடுத்த வேல். வேல் ஞானத்தின் குறியாதலின், மயக்கத்தைத் தீர்ப்பது ஞானம் ஒன்றே என்பது இதன் உட்பொருள்.

இப்பெயரைப் பிடித்துப் பெண்களே மாயையென இகழ்வாரும் உளர். அது நூற்கருத்தன்று. தத்துவமாகிய மாயைக்கு ஆண்பெண் வேறுபாடு இல்லை. அம்மயக்கை நீக்கிய வேலும் சத்தி வடிவமே. மேலும், மகளின் கல்வியைத் தேவரைப் பழிதீர்க்கும் கருவியாக்கிக் காசிபரிடம் ஏவியோர் ஆடவரே. பழியைச் சுரசை ஒருத்தி மேல் ஏற்றுதல் நீதியாகாது.

நாம் பெறும் கல்விக்கும் இது பொருந்தும். உயிரின் தொழிலை விளக்கும் கலையும், அறிவை விளக்கும் வித்தையும் மாயையினின்று தோன்றும் தத்துவங்களே என்கிறது சித்தாந்தம். ஆதலின் மாயையைப் பழிப்பவர் தாம் கற்ற ஏட்டையும் பழித்தவராவர். மருத்துவமும் சட்டமும் பொறியியலும் கற்று வெளிச்செல்லும் மாணவர், சுரசையைப்போல நன்கு கற்பாராக; கற்றபின் காசிபர் சொல்லையும் கேட்பாராக.