புலியின் எல்லைக் கணக்கு

தில்லியிலிருந்து மும்பைக்கோ கோட்டாவுக்கோ ரயிலில் போகிறவர்களுக்குச் சவாய் மாதோபூர் சந்திப்பு தெரிந்திருக்கும். அந்த ஊரிலிருந்து சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் ரணதம்போர் காடு தொடங்குகிறது. கோட்டையிலுள்ள திரிநேத்திர கணேசரைத் தரிசிக்க நம் தமிழ்க் குடும்பங்களும் போய் வருகின்றன. பிள்ளையாரைப் பார்த்துவிட்டு, "புலி தென்பட்டதா?" என்ற கேள்வியோடுதான் பெரும்பாலோர் திரும்புகிறார்கள். புலி ஏன் அங்கே இருக்கிறது, ஏன் இன்னொரு புலியோடு சண்டையிடுகிறது, தோற்ற புலி எங்கே போகிறது என்று யோசிப்பவர்கள் குறைவு. நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டிய பாடம் இதில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

எல்லை எதற்கு?

புலி சண்டைக்காகச் சண்டையிடும் பிராணி அன்று. அதன் போட்டிக்கு அடிப்படை சோற்றுக் கணக்கு. வளர்ந்த புலி ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மான் அளவுள்ள இரை வேண்டும். காட்டிலுள்ள மான் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கைப் புலி எடுத்துக்கொண்டால் மீதி இனம் பெருகி ஈடுகட்டிவிடும். ஆகவே ஒரு புலி நிலையாக வாழ, அது உலவும் பரப்பில் சுமார் 500 இரை விலங்குகள் இருக்கவேண்டும். குட்டிகளோடு இருக்கும் தாய்க்கு இன்னும் அதிகம்.

புள்ளிமானும் கடமானும் மிகுந்த காட்டில் பெண் புலிக்கு 20 சதுர கிலோமீட்டர் போதும். இரை அருகிப்போன ரஷ்யாவின் தூரகிழக்குப் பனிக்காட்டில் அதே பெண் புலிக்கு 400 சதுர கிலோமீட்டர் வரை தேவைப்படுகிறது. பெண் புலி எல்லை வகுப்பது இரைக்காகவும் குட்டிகளுக்காகவும். ஆண் புலி எல்லை வகுப்பதோ பெண் புலிகளுக்காக. ஓர் ஆணின் எல்லைக்குள் இரண்டு மூன்று பெண்களின் எல்லைகள் அடங்கியிருக்கும். சில சமயம் அதற்கு மேலும் இருக்கும்.

வேலி இல்லாத வேலி

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதை விளக்க ஓர் உதாரணம் கைவசம் இருக்கிறது. ஒற்றைப் பாதையில் இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடைப்பட்ட பகுதியைப் பிளாக் செக்ஷன் என்போம். அதில் ஒரு சமயத்தில் ஒரு வண்டிதான் போகலாம். அதற்கு அடையாளமாக முன்பெல்லாம் டோக்கன் என்ற உருண்டையை வளையத்தில் வைத்து ஓட்டுநரிடம் கொடுப்பார்கள். டோக்கன் கையில் இல்லாமல் வண்டி நகராது. மோதல் நேராமல் இருப்பதற்கான ஏற்பாடு அது.

புலியின் ஏற்பாடும் கிட்டத்தட்ட இதுதான். மரத்தடியைப் பார்த்துத் திரும்பி நின்று, வாலை உயர்த்தி, ஒரு திரவத்தைப் பீய்ச்சும். அதில் புலி வேகவைத்த பாஸ்மதி அரிசியின் மணத்தை விட்டுச் செல்கிறது. கதை என்று நினைக்கவேண்டாம். பாஸ்மதிக்கு மணம் தரும் அதே வேதிப்பொருள் புலியின் திரவத்திலும் இருப்பதை வங்காளத்து அறிஞர் ரத்தன் லால் பிரம்மச்சாரி ஆராய்ந்து கண்டார். இதைத் தவிர மரப்பட்டையில் நகத்தால் கீறும். தரையைப் பின்னங்காலால் பறண்டி வைக்கும். இரவில் உறுமும், அந்தக் குரல் மூன்று கிலோமீட்டர் தள்ளியும் கேட்கும்.

வழியில் வரும் அடுத்த புலி மரத்தை முகர்ந்து, மேலுதட்டைச் சுருக்கிப் பல்லைக் காட்டும். பார்ப்பவர்களுக்கு அது சிரிப்பது போலத் தோன்றும். உண்மையில் வாய்க்குள் மேலண்ணத்திலுள்ள ஓர் உறுப்பினால் அது மணத்தைப் படிக்கிறது. இட்டது ஆணா பெண்ணா, தெரிந்த புலியா அந்நியமா, குறி புதிதா பழையதா என்றெல்லாம் அதற்கு விளங்கிவிடும். புதிய குறி சிவப்பு சிக்னல். மங்கிப்போன குறி, "வண்டி போய்விட்டது, பாதை காலி" என்பதற்குச் சமம். அதனால்தான் எல்லைக்காரப் புலி ஓயாமல் சுற்றி வந்து குறியைப் புதுப்பிக்கிறது. நோயிலோ விஷத்திலோ அது இறந்துவிட்டால், சில வாரங்களுக்குள் பக்கத்துப் புலி உள்ளே காலெடுத்து வைக்கும்.

இந்த ஏற்பாட்டினால்தான் பெரும்பாலான தகராறுகள் இரத்தம் சிந்தாமல் முடிகின்றன. தனித்து வேட்டையாடும் புலிக்குக் காலில் ஒரு காயம் பட்டாலும் பட்டினிதான். எனவே இரு தரப்பும் முடிந்தவரை மோதலைத் தவிர்க்கும். தவிர்க்க முடியாதபோது சண்டை உயிர் போகும்வரைகூட நீளும்.

ஏரிக்கரை வம்சம்

இந்தியாவில் புலிகளின் எல்லைப் போட்டியைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் கண்ணெதிரே பார்த்த இடம் ரணதம்போர். 1973இல் புலிகள் திட்டம் தொடங்கியபோது சேர்க்கப்பட்ட முதல் ஒன்பது காடுகளில் இதுவும் ஒன்று. பதேசிங் ராத்தோர் என்ற அதிகாரியின் உழைப்பில் காட்டுக்குள் இருந்த கிராமங்கள் வெளியே குடியேற்றப்பட்டன. அதன் பிறகு புலிகள் பகலிலும் வெளியே வரத் தொடங்கின.

கோட்டைக்குக் கீழே பதம் தலாவ், ராஜ்பாக், மலிக் தலாவ் என்று மூன்று ஏரிகள் இருக்கின்றன. கோடையில் ராஜஸ்தான் காய்ந்தாலும் இங்கே தண்ணீரும் மானும் இருக்கும். எனவே பெண் புலிகளுக்கு இதுதான் பொன் விளையும் பூமி. முகத்தில் மீன் வடிவக் குறி கொண்ட "மச்லி" என்ற புலி, தன் தாயிடமிருந்து இந்த ஏரிக்கரையைக் கைப்பற்றிப் பல ஆண்டுகள் ஆண்டது. முதலையோடு போரிட்டு அதைக் கொன்றது. பின்னர் அதன் மகள் சுந்தரி தாயையே ஏரியிலிருந்து விரட்டியது. சுந்தரி 2013இல் காணாமல்போன பின் அதன் சகோதரி கிருஷ்ணா வந்தது. கிருஷ்ணாவை அதன் மகள் ஆரோஹெட் ஒதுக்கியது. ஆரோஹெட்டை அதன் மகள் ரித்தி ஒதுக்கியது.

மகள் தாயை விரட்டுவதா என்று நம் மனம் பதறும். காட்டின் கண்ணோட்டம் வேறு. தாய் தன் எல்லையின் ஒரு பகுதியை மகளுக்கு விட்டுக்கொடுப்பது பெண் புலிகளிடையே இயல்பு. பழகிய இடம், தெரிந்த தண்ணீர்த்துறை, பக்கத்தில் சொந்த ரத்தம் என்றிருந்தால் அடுத்த தலைமுறைக் குட்டிகள் பிழைக்க வாய்ப்பு அதிகம். இடம் போதாமல் போகும்போதுதான் பங்கு பறிப்பாகிறது.

மச்லி கோரைப்பற்களையும் ஒரு கண்ணையும் இழந்து, காட்டின் ஓரத்தில் வாழ்ந்து, 2016 ஆகஸ்ட் 18 அன்று இறந்தது. காட்டுப் புலி 19 வயதுக்கு மேல் வாழ்வது அபூர்வம். வனத்துறை இரை கொடுத்துக் காத்ததும் அதற்கு ஒரு காரணம். அதன் இன்னொரு மகள் 2008இல் சாரிஸ்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. கள்ள வேட்டையால் ஒரு புலிகூட மிஞ்சாமல் போன காடு அது. அங்கே அந்த மகள் ஒரு வம்சத்துக்கே தாயாகி, 2024 ஜனவரியில் இறந்தது. அந்த ஆண்டு சாரிஸ்காவின் புலி எண்ணிக்கை 40ஐத் தாண்டியிருந்தது.

ஆண்களின் ஆட்சி

ஆண் புலியின் ஆட்சி குறுகியது. நேபாளத்துச் சிட்வன் காட்டில் நடந்த நீண்ட ஆய்வில் ஆணின் ஆட்சிக்காலம் சராசரியாக மூன்று ஆண்டுக்கும் குறைவு என்றும், பெண்ணுக்கு ஆறு ஆண்டு என்றும் தெரியவந்தது. புதிய ஆண் வந்ததும் பழைய ஆணின் சிறு குட்டிகளைக் கொன்றுவிடுவது உண்டு. குட்டி இழந்த தாய் சீக்கிரம் மீண்டும் இணைக்குத் தயாராகும் என்பதே காரணம். ஆகவே ஓர் ஆண் புலியைக் கள்ளவேட்டைக்காரன் சுட்டால் சாவது ஒரு புலி மட்டுமன்று. அதன் குட்டிகளும் கணக்கில் சேரும்.

ஆனால் ஆண் புலியை வெறும் கொடியவனாக எண்ணிவிடக்கூடாது. 2011இல் ரணதம்போரில் ஒரு பெண் புலி இரண்டு குட்டிகளை விட்டு இறந்தது. அவற்றின் தந்தை, ஜாலிம் என்று பெயர் பெற்றது. ஜாலிம் என்றால் கொடுங்கோலன். அதுவே குட்டிகளுக்குக் காவலாக நின்று, அவற்றோடு இரையைப் பகிர்ந்து வளர்த்தது. தானியங்கிக் கேமராப் படங்களைக் கண்டு வல்லுநர்களே வியந்தார்கள்.

இடம் கிடைக்காத இளம் புலி

இரண்டு வயதில் குட்டி தாயைப் பிரிகிறது. பெண் குட்டி அருகிலேயே இடம் தேடும். ஆண் குட்டி தந்தையின் எல்லைக்குள் இருக்க முடியாது, வெளியேறியாக வேண்டும். 2019இல் மகாராஷ்டிரத்தின் திபேஷ்வர் காட்டிலிருந்து கழுத்துப்பட்டையோடு புறப்பட்ட இளம் ஆண் ஒன்று, வயல்களையும் சாலைகளையும் தாண்டித் தெலங்கானாவுக்குள்ளும் புகுந்து, சுமார் 3000 கிலோமீட்டர் அலைந்து, ஞானகங்கா சரணாலயத்தில் தங்கியது. பெரும்பாலும் இரவில் நடந்தது. அங்கே இரை இருந்தது, பெண் புலி இல்லை.

மத்தியப் பிரதேசத்தின் பன்னா காட்டில் 2009இல் புலியே இல்லாமல் போயிற்று. பெஞ்ச் காட்டிலிருந்து ஓர் ஆணைக் கொண்டுவந்து விட்டார்கள். அது சில நாட்களில் பழைய வீட்டின் திசை பார்த்து நடையைக் கட்டியது. யானைகளோடு பின்தொடர்ந்து, மயக்க ஊசி போட்டு மீட்டார்கள். இந்த முறை பெண் புலியின் சிறுநீரைக் காட்டில் ஆங்காங்கே தெளித்து வைத்தார்கள். மணத்தைப் படித்த புலி அங்கேயே தங்கியது. 2010 ஏப்ரலில் பன்னாவில் குட்டிகள் பிறந்தன.

2006இல் நாட்டில் 1411 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2022இல் 3682 ஆயின. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் எண்ணிக்கை கூடும்போது வெளியேறும் இளம் புலிகளும் கூடும். ஒரு காட்டுக்கும் அடுத்த காட்டுக்கும் இடையில் வழி இல்லையென்றால் அவை ஒன்றோடொன்று சண்டையிட்டுச் சாகும், அல்லது ஊருக்குள் நுழையும். வழியில் நம் சாலையும் தண்டவாளமும் குறுக்கிடுகின்றன. 2018 நவம்பரில் சந்திரபூர் மாவட்டத்தில் கோண்டியா பாதையில் மூன்று குட்டிகள் ரயிலில் அடிபட்டு இறந்தன. 2024 ஜூலையில் புத்னி அருகே மிட்காட்டில் மீண்டும் மூன்று குட்டிகள் அடிபட்டன. உயிரோடிருந்த இரண்டை ஒரே பெட்டி கொண்ட தனி ரயிலில் போபாலுக்குச் சிகிச்சைக்குக் கொண்டு சென்றார்கள்.

இதற்குப் பொறியியலில் வழி இல்லாமல் இல்லை. பெஞ்ச் காட்டை ஊடுருவும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை விலங்குகள் கீழே போகும்படி உயர்த்திக் கட்டினார்கள். புலிகள் அந்தக் கீழ்ப்பாதைகளில் நடந்து போனதைக் கேமராக்கள் பதிவு செய்துள்ளன. தில்லி–மும்பை விரைவுச்சாலையில் ரணதம்போருக்கு அருகே விலங்குகளுக்காக மேம்பாலங்கள் அமைத்தார்கள். காட்டுப் பகுதியில் இரவில் ரயிலின் வேகத்தைக் குறைப்பது, தண்டவாள ஓரத்தில் புதரை வெட்டி ஓட்டுநருக்குப் பார்வை தெளிவாக்குவது, பாதையில் உணவுக் கழிவு விழாமல் தடுப்பது ஆகியவை செலவு குறைந்த வேலைகள். மதிப்பீடு போடும்போதே சேர்த்துவிட்டால் பெரிய பாரமாகாது. கட்டி முடித்த பிறகு சேர்ப்பதுதான் கடினம்.

நாம் செய்யவேண்டியது

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ரணதம்போரில் மூன்று பேர் புலியால் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவன் கணேசர் கோயில் பாதையில் குடும்பத்தோடு வந்த ஏழு வயதுச் சிறுவன். நோயுற்ற ஆரோஹெட்டுக்கும் அதன் குட்டிகளுக்கும் வனத்துறை இரை கட்டி வைத்து வந்தது. அதனால் குட்டிகள் மனிதரைக் கண்டு அஞ்சும் குணத்தை இழந்தன என்பது பல வல்லுநர்களின் கருத்து. ஒரு குட்டியை முகுந்தரா காட்டுக்கு மாற்றிய அதே நாளில் ஆரோஹெட் இறந்தது. பரிவினால் செய்ததே ஆபத்தாக முடியலாம். கிழப்புலி விலகி இளம்புலி வருவது காட்டின் வழக்கம். அதில் கைவைக்குமுன் பலமுறை யோசிக்கவேண்டும்.

அன்பர்கள் கோயிலுக்குப் போகும்போது கூட்டமாகப் போங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். அந்தி சாயுமுன் இறங்கிவிடுங்கள். குரங்குக்கோ மயிலுக்கோ தின்பண்டம் போடவேண்டாம். ஜீப்பில் போனால் "இன்னும் கிட்டப் போ" என்று ஓட்டுநரை வற்புறுத்தவேண்டாம். புலி மரத்தை முகர்ந்து நின்றால் பிள்ளைகளிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: அது இப்போது படித்துக்கொண்டிருக்கிறது, சத்தம் போடாதே என்று.