எதிரொலியை அடக்கும் குழாய்

மாணவர்களே, வெற்றிடக் குழாயில் இயங்கும் ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் கித்தார் பெருக்கியில் எதிரொலிக் குமிழைச் சற்றே திருப்பினாலும் சுரங்கள் கிணற்றுக்குள் விழுந்தவைபோல் குழம்புவதுண்டு. ஏன்?

பெட்டியின் அடியில் சுருள்கம்பிகள் உள்ளன. இசைச் சமிக்ஞை கம்பியின் ஒரு முனையை அதிரவைக்கும். அதிர்வு இரு முனைகளுக்கும் இடையே மோதி மோதித் திரும்பும். அதுவே எதிரொலி. கம்பியை உலுக்குவது, பின்புறம் வலமிருந்து மூன்றாவதாக நிற்கும் 12ஏடி7 குழாய். அதன் பெருக்கக் காரணி சுமார் 60. அவ்விடத்தில் 12ஏயூ7 செருகினால் போதும். ஊசிகள் அதே அமைப்பு, காரணியோ சுமார் 20தான். உலுக்கல் தணியும், குமிழும் சொன்னபடி கேட்கும். கம்பியில் கைவைக்கவே வேண்டாம்!

பெருக்கியை அணைத்து, குழாய் ஆறியபின், பெரியவர் துணையுடன் மாற்றுங்கள். அடிச்சட்டத்தை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம்; அணைத்த பிறகும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கும்.