பயனரின் இருப்பிடம்: உங்கள் வெப் ஆப்புக்கு எந்த வழி?

சாப்பாடு டெலிவரி செய்ய வீட்டு வாசல் வரை தெரிய வேண்டும். மழை வருமா என்று சொல்ல ஊர் போதும். விலையை ரூபாயில் காட்டுவதா டாலரில் காட்டுவதா என்பதற்கு நாடு தெரிந்தாலே போதும். உங்கள் வேலைக்கு இதில் எது தேவை என்று கோடு எழுதும் முன்பே முடிவு செய்யுங்கள். வழிகள் மூன்று.

1. ஐபி முகவரி

பயனரிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை. ஐபியை வைத்து இடத்தைச் சொல்லும் மேக்ஸ்மைண்டின் ஜியோலைட்2 தரவுத்தளம் இலவசம். ஆனால் 2019 இறுதியிலிருந்து கணக்கு தொடங்கி லைசென்ஸ் கீ வாங்கியாக வேண்டும். நாட்டைப் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஊர் விஷயத்தில் இதை நம்ப முடியாது. மொபைல் நிறுவனங்கள் பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே பொது ஐபியைப் பகிர்ந்து கொடுப்பதால், தென்காசிக்காரர் சென்னையில் இருப்பதாகக் காட்டக்கூடும். விபிஎன் போட்டிருந்தால் நாடே மாறிவிடும்.

2. பிரவுசரின் ஜியோலொகேஷன் ஏபிஐ

ஜிபிஎஸ், வைஃபை, செல் டவர் என்று சாதனத்தில் கிடைப்பதை வைத்து இடத்தைக் கணிக்கும். பயனரின் அனுமதியும் எச்டிடிபிஎஸ் இணைப்பும் கட்டாயம்.

விடையோடு வரும் 'அக்யூரசி' எண்ணைப் பலர் பார்ப்பதே இல்லை. அது மீட்டர் கணக்கு. 15 என்று வந்தால் தெருவையே சொல்லலாம். 5000 என்று வந்தால் பக்கத்து ஊராகவும் இருக்கலாம், மேப்பில் புள்ளி வைக்காதீர்கள். 'டைம்அவுட்' மதிப்பையும் நீங்களே கொடுங்கள். கொடுக்காவிட்டால் காலவரம்பு கிடையாது. பயனர் காத்துக்கொண்டே இருப்பார். 10 நொடி வைத்தால் பெரும்பாலும் போதும். அனுமதி மறுத்தால் பிழை எண் 1, இடம் தெரியாவிட்டால் 2, நேரம் கடந்தால் 3. மூன்றுக்கும் தனித்தனி பதில் எழுதுங்கள்.

கிடைப்பது அட்சரேகையும் தீர்க்கரேகையும்தான். ஊர்ப்பெயர் வேண்டுமென்றால் ரிவர்ஸ் ஜியோகோடிங் சேவை ஒன்று தேவை. அப்படிப்பட்ட சேவையான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது நாமினாட்டிம் சர்வரில் நொடிக்கு ஒரு கோரிக்கைதான் அனுமதி.

பக்கம் திறந்த உடனேயே அனுமதி கேட்காதீர்கள். எதற்கென்று தெரியாதவர் 'பிளாக்' அழுத்திவிடுவார். பிறகு அவரே செட்டிங்ஸில் போய் மாற்றினால்தான் உண்டு. 'அருகில் உள்ள கடைகளைக் காட்டு' என்ற பட்டனை அவர் அழுத்தும்போது கேளுங்கள்.

3. பயனரே சொல்வது

1972 முதல் புழக்கத்தில் உள்ள 6 இலக்க பின்கோடு, எந்தச் சாதனத்திலும் வேலை செய்யும். மதுரையில் இருந்துகொண்டு சென்னையில் உள்ள அம்மாவுக்கு மருந்து அனுப்புபவரின் ஜிபிஎஸ் உங்களுக்கு எதற்கு? பொருள் போய்ச்சேர வேண்டிய இடத்தை அவர்தான் சொல்ல முடியும்.

எதைத் தேர்வது?

மொழி, கரன்சி போன்றவற்றுக்கு ஐபி. டெலிவரி முகவரிக்கு பின்கோடு. அருகில் இருப்பதைத் தேடவும், வண்டியை வரவழைக்கவும் ஜியோலொகேஷன். அது மறுக்கப்பட்டால் பின்கோடு பெட்டி தயாராக நிற்க வேண்டும். ஐபி காட்டும் ஊரை ஊகமாக மட்டும் வைத்து, பக்கத்திலேயே 'மாற்று' பட்டன் கொடுங்கள்.

ஒருவர் எங்கே இருக்கிறார் என்பது அவருடைய பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே ஒப்புதல் செல்லும் என்கிறது. வானிலைக்கென்றால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கங்களோடு நிறுத்துங்கள். ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் துல்லியம் அதிலேயே கிடைக்கும். தேவைக்கு மேல் கேட்காதீர்கள். கேட்டதையும் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள்.