தள்ளாட்டமும் தடுமாற்றமும்: மொழிபெயர்ப்பைப் பற்றி ஓர் ஆராய்ச்சி

செவ்வனே நடப்பவனைக் குறிக்க எம்மொழியிலும் ஒரு சொல் போதும். நிலைகுலைந்து நடப்பவனைக் குறிக்கவோ ஒன்று போதுவதில்லை. ஆங்கிலத்தில் ஸ்டாகர், டாட்டர், ஸ்டம்பிள், ரீல், லர்ச், டாடில், ஹாபில் எனப் பல வினைகள் உள. இவையனைத்திற்கும் 'தள்ளாடினான்' என்றெழுதி அமைந்துவிடும் வழக்கம் நம் மாணவரிடையே காணப்படுகின்றது. அது பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, வாக்கிய அமைப்பு. ஆங்கிலேயர் நடையின் வகையை வினையிலும், செல்லும் திசையை அதனைத் தொடரும் சிறு சொல்லிலும் வைப்பர். 'ஸ்டாகர்ட் இன்' என்பதில் தள்ளாட்டம் முன்னும் நுழைவு பின்னும் நிற்கும். ஸ்பானியரோ 'என்த்ரோ தம்பலெயாந்தோசே' என்பர். அவர்க்கு நுழைதலே தலைமை வினை, தள்ளாட்டம் அதற்கு அடை. இவ்வேற்றுமையை லெனார்டு டால்மி என்னும் மொழியறிஞர் 1985இல் வெளிவந்த கட்டுரையில் விளக்கினார். நாமும் 'தள்ளாடி நுழைந்தான்' என வினையெச்சத்தில் வகையையும், முற்றில் திசையையும் வைக்கின்றோம். ஆதலின் இவ்விடத்தில் தமிழ் ஸ்பானியத்தோடு ஒத்துச் செல்கின்றது. முற்றை விடுத்து 'வீட்டுக்குள் தள்ளாடினான்' என்றால், உள்ளே நின்று ஆடினான் என்றே பொருள்படும்.

இரண்டாவது, சொற்பொருள். இருபுறமும் சாய்ந்தாடுவது தள்ளாடுதல். அடிவைக்கும் நிலை தவறுவது தடுமாறுதல். பின்னது உள்ளத்திற்கும் நாவிற்கும் உரித்து. கல்லில் கால் தட்டுவது இடறுதல். ஒரு கால் வலியால் ஊன்றாமை நொண்டுதல் அல்லது விந்துதல். குழந்தையின் முதலடிகளுக்குத் தளர்நடை என்னும் இனிய பெயருண்டு. பெரியாழ்வார் திருமொழியில் அதற்கெனவே பாசுரங்கள் உள. முதியோர்க்கு அதே தளர்ச்சி தள்ளாமையாகின்றது. வாத்தின் நடையைக் குறிக்கும் 'வாடில்' என்பதை அன்னநடை என்று பெயர்த்தால், நகைப்பு புகழ்ச்சியாய் மாறிவிடும்!

மூன்றாவது, காரணம். சங்கீதம் 107இல் புயலில் அகப்பட்ட கடலோடிகளின் நிலை, வெறியுற்றவன் நிலைக்கு ஒப்பிடப்படுகின்றது. அவர்கள் குடித்தவரல்லர், அலையே அவர்களை ஆட்டிற்று. இராயபுரத்து மீன்பிடி துறைமுகத்தில் படகேறிய புதியவர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஆனால் உவமையை நீக்கிவிட்டு வினையை மட்டும் எழுதினால் பழி நேரும். நம் வழக்கில் தள்ளாட்டமென்றவுடன் மதுவே பலர் நினைவில் எழுகின்றது.

இஃது ஏட்டளவில் நிற்பதன்று. 2023 டிசம்பர் 26ஆம் நாள் இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தபோது, மக்கள் மூச்சுத்திணறி வீடுகளை விட்டு வெளியேறினர். அத்தகைய வேளையில் ஒருவர் நடந்த நிலையை ஆங்கிலக் குறிப்பினின்று பெயர்ப்பவர் 'தள்ளாடி வந்தார்' என்று மட்டும் எழுதினால், நஞ்சுண்ட காற்றால் வருந்தியவர் குடிவெறியராகத் தோன்றுவார். 'மூச்சுத்திணறிக் கால் தடுமாறி வந்தார்' என்றால் உண்மை நிலைபெறும். வள்ளூர் அனல்மின் நிலையம் முதலாகத் தொழிற்சாலைகள் நெருங்கிய இவ்வட்டாரத்தில், விபத்துக் குறிப்பின் ஒரு சொல் தொழிலாளியின் நற்பெயரையும் இழப்பீட்டையும் தொடுதல் கூடும்.

ஆகவே, மொழிபெயர்க்கும் மாணவர் அகராதியைத் திறக்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று: நடப்பவர் யார்? எதனால் நிலைகுலைந்தார்? எங்கே செல்கின்றார்? இவற்றிற்கு விடை கிடைத்தால் தக்க சொல் தானே வந்தமையும். நடப்பவர் கால் தடுமாறலாம்; அவரைப்பற்றி எழுதும் நம் கை தடுமாறலாகாது.