பிரவுசர் பாதுகாப்பு: நாம் கொடுத்த அனுமதிகளைச் சரிபார்ப்போம்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நமது டிரஸ்ட் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். விண்ணப்ப மாதங்களில் பிள்ளைகளும் தாய்மார்களும் காத்திருந்து அதில் பதிவு செய்கிறார்கள். சென்ற முறை ஒரு மாணவி தன் விண்ணப்பத்தைத் திறக்க உட்கார்ந்தாள். பதிவு எண் எழுதும் கட்டத்தைத் தொட்டவுடன் கீழே ஒரு பட்டியல் விரிந்தது. எல்லாம் மற்றப் பிள்ளைகளின் பதிவு எண்கள். ஒன்றைத் தொட்டால் அதற்குரிய பாஸ்வேர்டும் தானாக வந்து நிரம்பியது. அந்த மாணவி உடனே எங்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். பார்த்த எங்களுக்குத் தலை குனிவாக இருந்தது.

யாரும் வெளியிலிருந்து புகுந்து திருடவில்லை. "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று பிரவுசர் கேட்டபோதெல்லாம், வரிசை நீளமாக இருக்கிறதே என்ற அவசரத்தில் 'சேவ்' என்று அழுத்தியவர்கள் நம் அலுவலகத்தில் இருந்தவர்கள்தான். ஒவ்வொரு விண்ணப்பத்துக்குள்ளும் ஒரு குடும்பத்தின் வருமானச் சான்றும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. நம்பி ஒப்படைத்த அமானிதத்தைத் திறந்த அலமாரியில் வைத்தது போலாகிவிட்டது. அன்றே அனைத்தையும் அழித்தோம். சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்கு விஷயத்தைச் சொல்லி, பாஸ்வேர்டை மாற்றச் சொன்னோம்.

பிறகு நிர்வாகிகள் தத்தம் செல்போனைத் திறந்து பார்த்தோம். அங்கேயும் இதே கதைதான். எப்போதோ யோசிக்காமல் கொடுத்த அனுமதிகள் வரிசையாக இருந்தன. ஆகவே இந்த இதழின் பாடத்தை இதற்கே ஒதுக்கியுள்ளோம். பெரும்பாலான வீடுகளில் இருப்பது ஆண்ட்ராய்டு போனும் குரோம் பிரவுசரும் என்பதால் அதையே எடுத்துக்கொள்கிறோம். பதிப்புக்குப் பதிப்பு சொற்களும் இடமும் கொஞ்சம் மாறலாம். மற்றப் பிரவுசர்களிலும் இதே வசதிகள் அநேகமாக உண்டு.

முதல் பாடம்: அறிவிப்புகள்

சில இணையதளங்களைத் திறந்தவுடன் "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று ஒரு சிறு பெட்டி வரும். படிக்க வந்த செய்தியை மறைக்கிறதே என்று 'அலவ்' என்பதை அழுத்திவிடுகிறோம். அன்று முதல் அந்தத் தளம் நாம் திறக்காமலே நம் போனுக்குச் செய்தி அனுப்பலாம்.

நம் பகுதியில் ஒரு ராத்தாவின் போனில் "உங்கள் போனில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று நாளுக்குப் பத்து முறை வந்தது. போனே சொல்கிறது என்று நினைத்துப் பயந்துபோய், புதுப் போன் வாங்கப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார். வாங்கிப் பார்த்தால் போனில் கோளாறு எதுவும் இல்லை. முன்பு சமையல் குறிப்பு தேடியபோது திறந்த ஏதோ ஒரு தளம் அனுப்பிய விளம்பரம் அது. அறிவிப்பை உற்றுப் பார்த்தால் குரோம் என்ற பெயரும் அனுப்பிய தளத்தின் முகவரியும் சிறிய எழுத்தில் இருந்தன.

நிறுத்தும் வழி: குரோமில் மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். 'செட்டிங்ஸ்', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்'. அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் ஒவ்வொன்றையும் தொட்டு 'பிளாக்' செய்யுங்கள். எந்தத் தளமும் இனிமேல் கேட்கவே வேண்டாம் என்றால் மேலே உள்ள பொத்தானையே அணைத்துவிடலாம்.

இரண்டாம் பாடம்: கேமரா, மைக், இருப்பிடம்

அதே 'சைட் செட்டிங்ஸ்' பக்கத்தில் 'கேமரா', 'மைக்ரோபோன்', 'லொகேஷன்' என்று தனித்தனியாக இருக்கும். ஆன்லைன் வகுப்புக்குக் கேமரா தேவை. பஸ் நேரம் பார்க்கும் தளத்துக்கு இருப்பிடம் தேவைப்படலாம். துணிக்கடைத் தளத்துக்கு மைக் எதற்கு? காரணம் சொல்ல முடியாத அனுமதியை எடுத்துவிடுங்கள். பின்னால் தேவைப்பட்டால் அப்போது கொடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் பாடம்: பாஸ்வேர்டு

பிரவுசரில் பாஸ்வேர்டு சேமிப்பதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைப்பதை விட, தளத்துக்கு ஒன்றாக வைத்து அவற்றைப் பிரவுசரிடம் நினைவில் வைக்கச் சொல்வது நல்லது. ஒரு தளத்திலிருந்து பாஸ்வேர்டு வெளியானால் திருடர்கள் அதையே மற்றத் தளங்களிலும் போட்டுப் பார்ப்பார்கள். அதில் இன்னொரு பாதுகாப்பும் உண்டு. போலித் தளத்தின் முகவரி வேறாக இருப்பதால் பிரவுசர் அங்கே தானாக நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் கட்டம் ஒருநாள் காலியாக இருந்தால் நிதானித்து முகவரியைப் பாருங்கள்.

இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அது உங்கள் சொந்தப் போனாக இருக்க வேண்டும். அந்தப் போனுக்குத் திரைப்பூட்டு இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட எடுக்கும், பூட்டில்லாத போனில் வங்கிப் பாஸ்வேர்டைச் சேமிக்காதீர்கள். 'செட்டிங்ஸ்' உள்ளே 'கூகுள் பாஸ்வேர்டு மேனேஜர்' என்பதில் எவையெல்லாம் சேமிக்கப்பட்டுள்ளன என்று பார்க்கலாம். ஏற்கெனவே வெளியில் கசிந்த பாஸ்வேர்டு எது என்றும் அங்கே உள்ள 'செக்கப்' காட்டும். அப்படி ஒன்று இருந்தால் அன்றே மாற்றிவிடுங்கள்.

நான்காம் பாடம்: பொதுக் கம்ப்யூட்டர்

பிரவுசிங் சென்டர், கல்லூரி, நமது அலுவலகம் எங்கே உட்கார்ந்தாலும் குரோமில் 'கெஸ்ட்' முறையில் திறக்கச் சொல்லுங்கள். மேலே வலப்புறம் உள்ள வட்டப் படத்தைத் தொட்டால் அது கிடைக்கும். வேலை முடிந்து அந்த ஜன்னல்களை மூடியதும், பார்த்த பக்கங்களின் விவரமும் உள்நுழைந்த அடையாளமும் அழிந்துவிடும். நமது அலுவலகத்தில் இப்போது எல்லோருக்கும் இப்படித்தான் திறந்து தருகிறோம். ஆனால் டவுன்லோடு செய்த கோப்பு அழியாது. ஆதார் நகல், மதிப்பெண் சான்று எதையாவது இறக்கியிருந்தால் நீங்களே அழித்து, 'ரீசைக்கிள் பின்'னிலிருந்தும் நீக்கிவிட்டு எழுந்திருங்கள்.

பொதுக் கம்ப்யூட்டரின் பிரவுசரில் உங்கள் கூகுள் கணக்கை இணைத்தால், உங்கள் வீட்டுப் போனில் சேமித்த பாஸ்வேர்டுகளும் அங்கே வந்து சேரக்கூடும். எங்கேயோ வெளியேறாமல் வந்துவிட்டோம் என்று சந்தேகம் வந்தால், வீட்டிலிருந்தே கூகுள் கணக்கின் 'செக்யூரிட்டி' பகுதியில் 'யுவர் டிவைசஸ்' என்பதைத் திறந்து, அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து 'சைன் அவுட்' செய்யலாம்.

'இன்காக்னிட்டோ' முறையைப் பற்றி இளைஞர்கள் கேட்கிறார்கள். நாம் பார்த்ததை அந்தக் கருவியில் பதிந்து வைக்காமல் இருப்பதுதான் அதன் வேலை. நாம் திறக்கும் தளத்துக்கும், இணைய இணைப்புத் தரும் நிறுவனத்துக்கும் நம் நடமாட்டம் தெரியும்.

ஐந்தாம் பாடம்: முகவரியைப் படித்தல்

பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம் என்று முன்பு சொல்லிக் கொடுத்தார்கள். பூட்டு என்றால் இடையில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் பொருள். மறுமுனையில் இருப்பவர் நல்லவரா என்பதை அது சொல்லாது. போலித் தளங்களும் பூட்டு வாங்கிவிடுகின்றன. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் குரோம் 2023 செப்டம்பரில் பூட்டுப் படத்தையே மாற்றிவிட்டது.

ஆகவே முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக வருவதுதான் தளத்தின் உண்மையான உரிமையாளரைக் காட்டும். மத்திய அரசின் உதவித்தொகைத் தளமும் ஹஜ் கமிட்டியின் தளமும் 'டாட் ஜிஓவி டாட் இன்' என்று முடிகின்றன. 'ஜிஓவி' என்ற எழுத்துகள் நடுவில் எங்கோ இருந்து, கடைசியில் 'டாட் ஆன்லைன்', 'டாட் சைட்' என்று முடிந்தால் அது அரசுத் தளம் அல்ல. வங்கிகளுக்கும் இப்போது ஓர் அடையாளம் உண்டு. முகவரியை 'டாட் பேங்க் டாட் இன்' என்று மாற்ற வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் உத்தரவிட்டு, அக்டோபர் 31 வரை அவகாசம் கொடுத்தது. வங்கிகளுக்கு மட்டுமே அந்த முகவரி கிடைக்கும்.

வாட்ஸ்அப்பில் வரும் லிங்க் வழியாகப் பணம் கட்டும் பக்கத்துக்குப் போகாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து ஒருமுறை சரியாகத் திறந்து, மூன்று புள்ளிகளுக்குள் உள்ள நட்சத்திரத்தைத் தொட்டு 'புக்மார்க்' செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை அதிலிருந்தே திறக்கலாம்.

ஆறாம் பாடம்: இரண்டு காவல்கள்

'செட்டிங்ஸ்' உள்ளே 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'சேஃப் பிரவுசிங்' என்று ஒன்று உண்டு. மோசடித் தளத்தைத் திறக்கப் போனால் சிவப்புத் திரை காட்டி எச்சரிப்பது இதுதான். அதை ஒருபோதும் அணைக்காதீர்கள். 'என்ஹான்ஸ்டு' என்ற நிலையில் காவல் கூடுதல். ஆனால் நாம் திறக்கும் பக்கங்களைப் பற்றிய விவரம் கூகுளுக்குக் கூடுதலாகப் போகும். பெரியவர்களின் போனுக்கு அந்தக் கூடுதல் காவல் நல்லது என்பது எங்கள் கருத்து. உங்கள் போனுக்கு நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள். அதே பகுதியில் 'ஆல்வேஸ் யூஸ் செக்யூர் கனெக்ஷன்ஸ்' என்பதையும் போட்டு வையுங்கள்.

அடுத்தது அப்டேட். கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகளை அடைப்பது அதன் முக்கியமான வேலை. டேட்டா போகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். 'பிரவுசரை அப்டேட் செய்ய இங்கே தொடுங்கள்' என்று ஏதாவது ஒரு தளம் சொன்னால் தொட வேண்டாம். பிளே ஸ்டோர் வழியாக மட்டும் செய்யுங்கள்.

ஏழாம் பாடம்: அன்றாட வசதி

எழுத்து சிறிதாக இருப்பதால் படிக்காமலே 'ஓகே' அழுத்தும் பெரியவர்கள் நம் வீடுகளில் அதிகம். 'செட்டிங்ஸ்' உள்ளே 'ஆக்சஸிபிலிட்டி' என்பதில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுங்கள். ஆங்கிலப் பக்கத்தை மூன்று புள்ளிகளுக்குள் உள்ள 'டிரான்ஸ்லேட்' மூலம் தமிழில் பார்க்கலாம். இயந்திர மொழிபெயர்ப்பில் பிழை வரும். எனவே பணம் அல்லது கையொப்பம் சம்பந்தப்பட்ட பக்கத்தை விவரம் தெரிந்த ஒருவரோடு சேர்ந்து படியுங்கள்.

பணம் போய்விட்டால்

வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் வழியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். வங்கியின் எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள், அங்கேயும் போலி எண்கள் உண்டு. ஏடிஎம் கார்டின் பின்புறம் உள்ள எண்ணே போதும். பிள்ளைகள் தவறாக எதையாவது அழுத்திவிட்டால் அடித்துத் திட்டாதீர்கள். அடுத்த முறை சொல்லாமல் மறைத்துவிடுவார்கள்.

இந்த வாரப் பயிற்சி

1. வீட்டில் உள்ள ஒவ்வொரு போனிலும் அறிவிப்புப் பட்டியலைத் திறந்து, தெரியாத தளங்களை நீக்குங்கள்.
2. கேமரா, மைக், இருப்பிடம் மூன்றிலும் தேவையற்ற அனுமதியை எடுங்கள்.
3. சேமித்த பாஸ்வேர்டுகளைப் பாருங்கள். கசிந்ததை மாற்றுங்கள். திரைப்பூட்டு இல்லாத போனுக்குப் பூட்டுப் போடுங்கள்.
4. வங்கி, உதவித்தொகைத் தளங்களைச் சரியான முகவரியில் திறந்து புக்மார்க் செய்யுங்கள்.
5. வீட்டுப் பெரியவர் ஒருவரின் போனில் எழுத்தைப் பெரிதாக்கி, 1930 என்ற எண்ணைப் பதிந்து கொடுங்கள்.

அனைத்தையும் செய்ய அரைமணி நேரம் போதும். தனியாகச் செய்யத் தயங்குவோர் போனை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் உட்கார்ந்து செய்து தருகிறோம். பாஸ்வேர்டை மட்டும் எங்களிடம் சொல்ல வேண்டாம். நீங்களே தட்டச்சு செய்யுங்கள், நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம்.