உரையை எண்ணாகவும் தேதியாகவும் மாற்றுதல்: தரவுத்தளத்தில் எந்த வழி பாதுகாப்பானது?

வெளியிலிருந்து ஒரு தரவுத்தளத்துக்குள் வரும் தகவல் பெரும்பாலும் உரையாகவே வந்து சேர்கிறது. விண்ணப்பப் படிவங்களில் தட்டச்சு செய்யப்பட்டவை, காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட சிஎஸ்வி கோப்புகள், பழைய மென்பொருள்களின் ஏற்றுமதிகள் ஆகிய அனைத்தையும் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும் ஒரே தரவு வகை உரை என்பதால், "1250", "1,250", "1250 ரூபாய்", "தெரியாது" ஆகிய நான்கும் ஒரே நெடுவரிசையில் அருகருகே தங்கிவிடுகின்றன. ஆனால் உரையைக் கூட்ட முடியாது; வரிசைப்படுத்தினால் "100" என்பது "9" என்பதற்கு முன்னால் வந்து நிற்கும். ஆகவே என்றேனும் ஒரு நாள் அந்த நெடுவரிசையை முழு எண்ணாகவோ தசம எண்ணாகவோ தேதியாகவோ மாற்ற வேண்டியிருக்கிறது. அப்போது மாற்ற இயலாத மதிப்பு எதிர்ப்பட்டால் தரவுத்தளம் மூன்று வகைகளில் ஒன்றில் நடந்துகொள்கிறது: வேலையை நிறுத்திப் பிழை அறிவிக்கிறது, அந்த இடத்தை வெறுமையாக விடுகிறது, அல்லது தானாக ஒரு மதிப்பை ஊகித்து இட்டுவிடுகிறது. எந்த வழியைத் தேர்வது என்பது, எந்த வகைத் தோல்வியைத் தாங்கிக்கொள்ள முடியும் என்பதைப் பொறுத்தது.

நிறுத்திவிடும் வழியே எஸ்கியூஎல் தரநிலை வகுத்த வழி. போஸ்ட்கிரெஸ்கியூஎல், எஸ்கியூஎல் சர்வர், ஆரக்கிள் ஆகிய மூன்றிலும் காஸ்ட் என்ற கட்டளை, பத்து லட்சம் பதிவுகளுள் ஒன்றே ஒன்று எண்ணாக மாற மறுத்தாலும் முழு வினவலையும் கைவிடுகிறது. இது கடுமையாகத் தோன்றினாலும் நேர்மையான நடத்தை. தவறான விடை எதுவும் வெளியே செல்வதில்லை. முன்பே சரிபார்க்கப்பட்ட தரவைக் கையாளும்போதும், கணக்கு வழக்கு போன்று ஒரு பதிவு விடுபட்டாலும் மொத்தமே பொருளற்றதாகிவிடும் இடங்களிலும் இதையே பயன்படுத்த வேண்டும். இதன் குறை வேறு: எஸ்கியூஎல் சர்வரின் பிழைச் செய்தி, மாற இயலாத மதிப்பு எந்தப் பதிவில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை, முதல் தவறைத் திருத்திய பின்னரே இரண்டாவது தவறு தெரியவரும் என்பதால், அழுக்கான தரவைத் துப்புரவு செய்ய இந்த வழி உதவுவதில்லை.

மூன்று வழிகளுள்ளும் ஊகிக்கும் வழியே மிகவும் ஆபத்தானது. மைஎஸ்கியூஎல்லில் "120 ரூபாய்" என்ற உரையைக் காஸ்ட் மூலம் முழு எண்ணாக மாற்றினால், முன்னால் இருக்கும் இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு 120 என்று விடை தருகிறது. இலக்கமே இல்லாத உரைக்கு 0 தருகிறது. இத்துடன் ஓர் எச்சரிக்கையும் எழுகிறது என்றாலும், அதைத் தனியே கேட்டுப் பார்ப்பவர் அரிது. 2015இல் வெளிவந்த 5.7 பதிப்பிலிருந்து இயல்பாகவே நடப்பில் இருக்கும் கண்டிப்பு முறை, அட்டவணையில் எழுதும்போது இந்த எச்சரிக்கையைப் பிழையாக உயர்த்துகிறது. ஆனால் வெறுமனே படிக்கும் வினவலுக்கு அந்தக் காவல் கிடையாது. அதனால்தான் ஓர் உரை நெடுவரிசையை 0 என்ற எண்ணுடன் ஒப்பிட்டால், இலக்கத்தில் தொடங்காத பெயர்கள் எல்லாம் பொருந்துவதாக மைஎஸ்கியூஎல் காட்டுகிறது. எஸ்கியூலைட் இன்னும் ஒரு படி தாழ்ந்து, எச்சரிக்கையும் இல்லாமல் இதையே செய்கிறது. 2021இல் வந்த 3.37 பதிப்பு கண்டிப்பான அட்டவணைகளை அறிமுகப்படுத்தி, எண் நெடுவரிசையில் பொருந்தாத உரை நுழைவதைத் தடுத்தது. என்றாலும் காஸ்ட் கட்டளையின் தாராளம் மாறவில்லை. ஊகித்த 0 உண்மையான 0 போலவே கூட்டலிலும் சராசரியிலும் கலந்துவிடுவதால், பின்னர் அதைப் பிரித்தெடுக்க இயலாது. கிளிக்ஹவுஸ் போன்ற அமைப்புகள் "முடியாவிட்டால் 0" என்ற செயற்கூற்றைத் தனியாகவே தருகின்றன. விலை, அளவு, மதிப்பெண் ஆகிய எதற்கும் அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, முயன்று பார்க்கும் வழி. எஸ்கியூஎல் சர்வரின் 2012 பதிப்பு டிரை_காஸ்ட், டிரை_கன்வர்ட், டிரை_பார்ஸ் ஆகிய மூன்று செயற்கூறுகளைக் கொண்டுவந்தது. மாற்றம் இயலாதபோது இவை பிழை எழுப்பாமல் நல் எனப்படும் இன்மை மதிப்பை, அதாவது "இங்கே மதிப்பு எதுவும் இல்லை" என்ற குறியைத் தருகின்றன. முதல் இரண்டும் விரைவானவை. டிரை_கன்வர்ட் தேதியின் வடிவத்தைக் குறிக்கும் எண்ணையும் ஏற்றுக்கொள்வதால் கூடுதலாகப் பயன்படுகிறது. டிரை_பார்ஸ் ஒரு நாட்டின் எழுத்து மரபைச் சொல்லி வாசிக்கச் செய்யக்கூடியது என்றாலும், டாட்நெட் கட்டமைப்பைச் சார்ந்து இயங்குவதால் மெதுவானது. ஸ்னோஃபிளேக்கிலும் டக்டிபியிலும் டிரை_காஸ்ட் என்ற பெயரிலும், பிக்குவெரியில் சேஃப்_காஸ்ட் என்ற பெயரிலும் இதே வசதி உண்டு. ஆரக்கிள் 12.2 பதிப்பு, மாற்றம் தோற்றால் எந்த மதிப்பை இடுவது என்பதைக் காஸ்ட் கட்டளைக்குள்ளேயே எழுத இடம் கொடுத்ததோடு, மாறுமா மாறாதா என்று முன்கூட்டியே 1 அல்லது 0 எனச் சொல்லும் தனிச் செயற்கூற்றையும் சேர்த்தது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் பயன்படுத்துவோர் நெடுங்காலம் பிழையைப் பிடித்து விழுங்கும் செயற்கூறுகளைத் தாமே எழுதிக்கொண்டனர். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் உட்பரிவர்த்தனையைத் திறந்து மூட வேண்டியிருந்ததால் அது பெரிய அட்டவணைகளில் மிக மெதுவாக ஓடியது. 2023இல் வெளிவந்த 16ஆம் பதிப்பு, ஓர் உரை குறிப்பிட்ட வகைக்குச் செல்லுபடியாகுமா என்று மட்டும் சொல்லும் செயற்கூற்றைத் தந்தது. அதைக் கேஸ் நிபந்தனைக்குள் வைத்து, ஆம் எனில் மட்டும் மாற்றச் சொல்வதே இப்போது அங்கே தக்க வழி.

முயன்று பார்க்கும் வழிக்கு ஒரு மறைவான குறை இருக்கிறது. மூலத்திலேயே மதிப்பு இல்லாத பதிவும், மதிப்பு இருந்தும் மாற முடியாத பதிவும் ஒரே இன்மையாக வெளிவருகின்றன. முதலாவது தகவல் கிடைக்கவில்லை என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, கிடைத்த தகவல் கைநழுவிவிட்டது என்பதைச் சொல்கிறது. ஆகவே டிரை_காஸ்ட் எழுதும் ஒவ்வொரு முறையும் கூடவே இன்னொரு வினவலையும் ஓட்ட வேண்டும்: மூல உரை இன்மையாக இல்லாமலும், மாற்றிய விடை இன்மையாகவும் இருக்கும் பதிவுகளை மட்டும் பட்டியலிடு என்பதே அது. இந்த ஒரு வினவலைத் தவிர்ப்பவர், பிழையைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்த்தினாரே அன்றி நீக்கினாரில்லை.

எஸ்கியூஎல் சர்வருக்கான பழைய நிரல்களில் இன்றும் காணப்படும் ஈஸ்நியூமரிக் சோதனையைக் கைவிடுவதற்குக் காரணங்கள் இரண்டு. "இது எண்ணா?" என்ற கேள்விக்கு விடை சொல்வதாகத் தோன்றும் இச்செயற்கூறு, உண்மையில் "ஏதேனும் ஓர் எண் வகையாக மாறக்கூடுமா?" என்றே பார்க்கிறது, அதனால் தனித்து நிற்கும் ஒரு முற்றுப்புள்ளிக்கும், டாலர் குறிக்கும்கூட ஆம் என்கிறது, முழு எண்ணாக மாற்றப் போனால் இரண்டும் தோற்கின்றன. இரண்டாவது காரணம் இன்னும் ஆழமானது. நிபந்தனைப் பகுதியில் இச்சோதனையை வைத்துவிட்டு மேலே காஸ்ட் எழுதினால், சோதனை முதலில் நடக்கும் என்று நிரலாளர் எதிர்பார்க்கிறார். ஆனால் எஸ்கியூஎல் என்பது எது வேண்டும் என்று சொல்லும் மொழியே அன்றி எந்த வரிசையில் செய் என்று ஆணையிடும் மொழி அன்று. வினவலைத் திட்டமிடும் பகுதி, வேகம் கருதி மாற்றத்தை முதலிலும் சோதனையைப் பின்னரும் நடத்த உரிமை பெற்றது என்பதால், நேற்றுவரை ஓடிய வினவல் இன்று பிழையுடன் நிற்கக்கூடும்.

தேதிகளைப் பொறுத்தவரை, முயன்று பார்க்கும் வழியும் தனியாக நின்று காப்பாற்றுவதில்லை. தமிழ்நாட்டில் வழக்கமாக நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையில் எழுதப்பட்ட தேதிகளை, அமெரிக்க ஆங்கில அமைப்பில் இயங்கும் எஸ்கியூஎல் சர்வரில் வடிவத்தைக் குறிப்பிடாமல் மாற்றுவதாகக் கொள்வோம். "25/04/2024" என்பதில் 25ஆம் மாதம் இல்லையாதலால் இன்மை வருகிறது. அது தெரிகிற தோல்வி. "03/04/2024" என்பதோ ஏப்ரல் 3 ஆக இல்லாமல் மார்ச் 4 ஆக, எந்த முனகலுமின்றி மாறிவிடுகிறது. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள் இப்படி வாசிக்கப்படக்கூடியவை என்பதால் ஆண்டுக்கு 144 தேதிகள் மாற்றத்தில் தேறுகின்றன. அவற்றுள் நாளும் மாதமும் ஒன்றாக உள்ள 12 மட்டுமே சரியானவை, எஞ்சிய 132 தேதிகள் பிழையானவை. தோற்றவற்றைப் பட்டியலிடும் வினவல் இந்த 132ஐயும் காட்டாது. வடிவ எண் 103ஐ டிரை_கன்வர்ட்டுக்குக் கொடுத்தால் நாள், மாதம், ஆண்டு என்ற வரிசையிலேயே வாசிக்கப்படும். தேதி மாற்றத்தில் வடிவத்தைச் சொல்லாமல் விடுவதற்கு நியாயமே இல்லை. இரண்டு இலக்க ஆண்டும் இவ்வாறே ஏமாற்றுகிறது: பிறந்த ஆண்டு "55" என்றிருந்தால் எஸ்கியூஎல் சர்வர் இயல்பாக 1955 என்று கொள்ளும், மைஎஸ்கியூஎல் 2055 என்று கொள்ளும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லின் தேதிச் செயற்கூறு 10ஆம் பதிப்புக்கு முன்பு "2009-06-40" என்ற இல்லாத தேதியையும் ஏற்று ஜூலை 10 என்று நீட்டிக் கணக்கிட்டது. அதன் பிறகே பிழை சொல்லத் தொடங்கியது.

எண்களிலும் தேறியும் தவறும் மாற்றங்கள் உண்டு. டெசிமல் என்ற தசம வகையின் பெயரை மட்டும் எழுதி, புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்பதைச் சொல்லாவிட்டால், எஸ்கியூஎல் சர்வரும் மைஎஸ்கியூஎல்லும் அதைச் சுழியம் என்று கொள்வதால் "12.5" என்பது 13 ஆகிறது. வெற்றுச் சரம், அதாவது எழுத்தே இல்லாத உரை, எஸ்கியூஎல் சர்வரில் முழு எண்ணாக 0 ஆகவும் தேதியாக 1900 ஜனவரி 1 ஆகவும் மாறுகிறது; டிரை_காஸ்ட் எழுதினாலும் இதே விடைதான். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதைப் பிழை என்கிறது. ஆரக்கிளில் வெற்றுச் சரமே இன்மையாகக் கொள்ளப்படுகிறது. வெற்றுச் சரத்தை முதலில் இன்மையாக்கிவிட்டு, அதாவது நல்இஃப் செயற்கூற்றின் வழியே செலுத்திவிட்டு, பிறகு மாற்றினால் இந்தச் சிக்கல் தீரும். "1,25,000" என்று இந்திய முறையில் காற்புள்ளியிட்ட தொகையை எஸ்கியூஎல் சர்வரின் முழு எண் வகையும் தசம வகையும் மறுக்கின்றன. அதன் பண வகை ஏற்கிறது. ஆனால் அது காற்புள்ளியை எங்கே இருந்தாலும் பொருட்படுத்தாமல் நீக்குவதால், ஜெர்மானியர் ஒன்றரையை எழுதும் "1,5" என்ற வடிவத்தை 15 ஆக்கிவிடும். தரவு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது தெரிந்த பின்னரே காற்புள்ளியைத் தொட வேண்டும்.

தமிழில் பணிபுரிவோர் கவனிக்க வேண்டிய ஒன்றும் இங்கே இருக்கிறது. "௧௨" என்று தமிழ் இலக்கங்களில் எழுதப்பட்ட பன்னிரண்டைப் பைத்தான் மொழி தயக்கமின்றி 12 என்று வாசிக்கிறது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லும் எஸ்கியூஎல் சர்வரும் ஏற்பதில்லை. எஸ்கியூலைட் அதை 0 ஆக்குகிறது. நிரலில் ஒரு விடையும் தரவுத்தளத்தில் வேறு விடையும் வராதிருக்க, தமிழ் இலக்கங்களை நுழையும் இடத்திலேயே வழக்கமான இலக்கங்களாகப் பெயர்த்துவிட வேண்டும்.

மாற்றவே கூடாதவையும் இருக்கின்றன. தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, பதிவு எண் ஆகியவை இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர்களே. அவற்றைக் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை, மாற்றினால் முன்னிற்கும் சுழியங்கள் உதிர்ந்துபோகும். கேளாமல் நடக்கும் மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மரபணுவியல் சான்றாகிறது. செப்ட்2 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் செப்டம்பர் 2 என்ற தேதியாக மாற்றிவந்ததால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு 2020இல் வெளியிட்ட நெறிமுறைகளில் அப்பெயர்களையே மாற்றியதைத் தெரிவித்தது; செப்ட்2 இப்போது செப்டின்2.

இவற்றையெல்லாம் எடைபோட்டால், புதிதாக வரும் தரவுக்குத் தக்க ஏற்பாடு இரண்டு கட்டங்களாக அமைகிறது. முதலில் அனைத்தையும் உரையாகவே ஓர் இடைநிலை அட்டவணையில் இறக்கி, வடிவத்தை வெளிப்படையாகச் சொல்லி முயன்று பார்க்கும் செயற்கூற்றால் மாற்றி, தோற்ற பதிவுகளை வேறோர் அட்டவணையில் மூல உரையோடு சேர்த்து வைக்க வேண்டும். பிறகு, இடைநிலை அட்டவணையிலிருந்து இறுதி அட்டவணைக்குச் செல்லும்போது காஸ்ட் கட்டளையின் கண்டிப்பையே காவலாக நிறுத்த வேண்டும். மைஎஸ்கியூஎல்லிலும் எஸ்கியூலைட்டிலும் முயன்று பார்க்கும் செயற்கூறு இல்லாத குறையை, உரையின் வடிவத்தை முன்கூட்டியே சோதித்து ஓரளவு ஈடுசெய்யலாம். எந்த அமைப்பாயினும், மாற்றிய நெடுவரிசை பலமுறை பயன்பட்டுச் சரிபார்க்கப்படும்வரை மூல உரையை அழிக்கக் கூடாது. அது அழிந்த பின், 2024-03-04 என்று பதிவாகியிருக்கும் தேதி மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று கண்டறிய எந்தத் தரவுத்தளத்திலும் வழி கிடையாது.